காலணாத் தாளில் ஒரு தத்துவம்

திருவண்ணாமலையில் ஒரு சிந்தனையாளர் என்ன எழுதினார், என்ன பேசினார் என்று தேடுவது ரொம்பச் சுலபம், அவர் ரமணராக இருந்தால். 1935 முதல் 1939 வரை ஆசிரமத்துக்கு வந்தவர்கள் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் முனகால வேங்கடராமையா குறித்து வைத்தார். 1955இல் அது புத்தகமானது. இன்றைக்கும் ஆசிரமப் புத்தகக் கடையில் போய்க் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவரின் பேச்சு நிலைக்க, எழுதி வைக்க ஆள் வேணும், அச்சிடக் காசு வேணும், அடுக்கி வைக்க ஒரு கட்டிடம் வேணும். இதெல்லாம் இல்லாத சனங்களின் சிந்தனை என்னாகும்? அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்தைத் தேடப் போனபோது என் முன்னால் நின்ற கேள்வி இதுதான்.

நான் படித்த கல்லூரியில் தமிழ் இதழியல் வரலாறு ஒரு பாடம். பாரதியின் இந்தியா வரும், திரு.வி.க.வின் நவசக்தி வரும். 1907 ஜூன் 19ஆம் தேதி, ஒரு புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து காலணா விலைக்கு வெளிவந்த 'ஒரு பைசாத் தமிழன்' வரவே வராது. அடுத்த ஆண்டே 'தமிழன்' என்று பெயர் மாறி, பண்டிதர் 1914 மே 5இல் இறக்கும்வரை வாராவாரம் வந்த பத்திரிகை அது. அரசியல், பௌத்தம், இலக்கணம், மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. வாசகர்கள் சந்தேகம் கேட்பார்கள், பத்திராதிபர் பதில் எழுதுவார். அவருடைய உரையாடலைக் கேட்க நமக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பதில்கள்தான்.

அதைக் காப்பாற்றியது யார்? பல்கலைக்கழகம் இல்லை, ஆதீனம் இல்லை. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கோலார் தங்கவயலுக்குப் போன சனங்கள். பூமிக்கடியில் பாறை உடைத்த கூலியில் சந்தா கட்டினார்கள். பௌத்த சங்கம் நடத்தினார்கள். பண்டிதர் மறைந்த பிறகு அவர் எழுத்துகளை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை சிறு நூல்களாகப் போட்டது. ஜி. அப்பாதுரையார் 1926இல் தமிழனை அங்கிருந்தே மறுபடி கொண்டுவந்தார். எங்க தெருப் பெரியவர்கள் கோலார் கதை நிறையச் சொல்லியிருக்கிறார்கள். சுரங்கம் இடிந்தது, நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தது எல்லாம் சொல்வார்கள். அங்கே நமக்கு ஒரு பத்திரிகை இருந்தது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. உழைத்து அழிந்ததை மட்டும் நினைவில் வைத்து, சிந்தித்ததை மறக்கும்படி செய்யப்பட்டிருக்கிறோம்.

திராவிட இயக்கம் வந்துதான் தாழ்த்தப்பட்டவர்களுக்கு விழிப்பு வந்தது என்ற பேச்சுக்கு 1985இல் மறுப்பு நூல் எழுதினார் திருப்பத்தூர் தி.பெ. கமலநாதன். சென்னையில் அன்பு பொன்னோவியம் பழைய தமிழன் இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்து வந்தார். இப்படித் தனி ஆட்கள் வீட்டில் வைத்திருந்த தாள்களைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' முதலிரண்டு தொகுதிகளை 1999இல் கொண்டுவந்தார். பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. மூன்றாம் தொகுதி 2003இல் வந்தது. பண்டிதர் இறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் அவரைக் கையில் வைத்துப் படிக்க முடிந்தது.

அந்தத் தொகுதிகளில் எங்க ஊர் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு இந்த ஊரே திரளும். சிவன் அடிமுடி காணாத நெருப்பாய் நின்ற கதையைத்தான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். பண்டிதர் வேறு சொல்கிறார். ஆமணக்கு விதையிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்த பௌத்தர்கள் மலையுச்சியில் விளக்கேற்றிச் சோதித்துப் பார்த்த நாள் அது. கார்த்துல தீபம் என்பதே கார்த்திகை தீபமாய்த் திரிந்தது என்கிறார். கல்வெட்டுக்காரர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்பது தனி விவாதம். எனக்கு முக்கியமாய்ப் படுவது அவர் நிற்கும் இடம். உள்ளே விடு என்று கெஞ்சுகிறவராக அவர் நிற்கவில்லை. இந்தத் திருவிழாவே எங்க பாட்டன் கண்டுபிடித்த அறிவின் நினைவு என்று உரிமை பேசுகிறார். சாமி இருந்த இடத்தில் மனித உழைப்பையும் அறிவையும் வைக்கிறார். இதைத் தத்துவம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அவர் உள்ளே விடச் சொல்லிக் கேட்டதும் உண்டு. 1892இல் சென்னை மகாஜன சபையில், சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்கள் மக்களை ஏன் சேர்க்கக் கூடாது என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரன், கருப்பண்ணன் இருக்கிறதே என்று தஞ்சாவூர் சிவராம சாஸ்திரி பதில் சொன்னார். அப்படியானால் உங்க சாமி எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்புவரை இலவசப் படிப்பும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று திருப்பிக் கேட்டார் பண்டிதர். பின்னாளில் அவர் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிற பேச்சு இது. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூர் மாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30இல். அதுவும் போலீஸ் காவலோடு. அறநிலையத்துறைக் கோயில் அது. கோயில் நுழைவுச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. 1892இல் கேட்ட கேள்வி இன்னும் பழசாகவில்லை.

திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தது தன் பாட்டனார் கந்தப்பன் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பட்லராக இருந்தவர் அவர். பாட்டன் குறளைக் கொடுத்தார். பேரன் எழுத்தை நாடு எண்பத்தைந்து வருஷம் கண்டுகொள்ளவில்லை.

2005இல் மத்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. சரி, நல்லது. தபால்தலையில் முகம் இருக்கும், எழுத்து இருக்காது. மாணவத் தோழர்களே, அந்தத் தொகுதிகளைத் தேடிப் படியுங்கள். சேரி தோறும் வாசிப்பு வட்டம் வையுங்கள். கோலாருக்குப் போய் வந்த குடும்பங்களில் பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கரையான் அரித்த தாளாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இதுவரை நம் சனங்கள்தான் காப்பாற்றினார்கள், இனியும் நாம்தான் செய்யணும்.