தெர்மாமீட்டர் சொல்லாத கணக்கு

பொறியியல் முதலாண்டில் அந்த வரைபடத்தைப் போட்டிருக்கிறேன். பனிக்கட்டியைச் சூடாக்கினால் கோடு ஏறும், 0 டிகிரியில் படுத்துவிடும், எல்லாம் உருகிய பிறகு மறுபடி ஏறும். படுத்துக் கிடக்கும் பகுதிக்குப் பெயர் உள்ளுறை வெப்பம். கிராமுக்கு 80 கலோரி. எழுதினேன், மார்க் வாங்கினேன். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறதே, அந்தச் சூடெல்லாம் எங்கே போச்சு என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கேட்டவர் ஜோசப் பிளாக், கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர். உருகுநிலைக்கு வந்துவிட்ட பனிக்கு இன்னும் துளிச் சூடு கொடுத்தால் போதும், நீராகிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. அது உண்மையென்றால், வெயில் அடித்த முதல் நாளே மலைப்பனி மொத்தமும் உருகி ஊரை அடித்துக்கொண்டு போயிருக்காதா? பனி அப்படி உருகுவதில்லை, வாரக்கணக்கில் கிடக்கிறது.

1760களின் தொடக்கத்தில் பிளாக் இதை அளந்தார். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள், சம எடை நீர். ஒன்று உறைந்த பனி. மற்றது 33 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது உறைநிலைக்கு ஒரு டிகிரி மேலே. இரண்டையும் 47 டிகிரி இருந்த கூடத்தில் விட்டார். நீர் 40 டிகிரியைத் தொட அரை மணி நேரம். பனி உருகி அதே 40க்கு வரப் பத்தரை மணி நேரம்!

கணக்கு எளிது. அரை மணிக்கு 7 டிகிரிக்கான சூடு என்றால், 21 அரை மணிகளுக்கு 147. உருகிய நீர் 32லிருந்து 40க்கு ஏற 8 போக, மீதி 139. அந்த 139 டிகிரிக்கான வெப்பத்தைத்தான் பனி சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது. இன்றைய அளவு சுமார் 144. தெர்மாமீட்டர் காட்டாததைக் கடிகாரத்தை வைத்துப் பிடித்துவிட்டார் மனிதர். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பது இப்படித்தான் தெளிவானது.

அதே பல்கலைக்கழகத்தில் கருவி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட், கொஞ்சம் நீராவி தன்னைப்போல் ஆறு மடங்கு எடையுள்ள குளிர்நீரைக் கொதிக்க வைப்பதைக் கண்டு குழம்பினார். விளக்கம் பிளாக்கிடம் இருந்தது. ஆனால் தன் தனிக் குளிர்கலன் அந்தக் கோட்பாட்டிலிருந்து பிறந்ததல்ல என்று வாட் பின்னாளில் எழுதினார்.

பிளாக் இதை நூலாக்கவில்லை. வகுப்பில் சொன்னதோடு சரி. விரிவுரைகள் அச்சானது 1803இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. வெப்பத்தை ஒரு பொருளாக நினைத்தது தவறு என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பத்தரை மணி நேரம் தவறவில்லை. என் பாடநூலில் 80 இருந்தது, அது மட்டும் இல்லை.