பிரிப்பதும் ஒரு வேலைதான்

என் மேஜையின் வலப்பக்கத்தில் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி. இடப்பக்கத்தில் பாதி பின்னிய ஸ்வெட்டர். ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் பேத்திக்கு அது மார்கழிக்குள் போய்ச் சேர வேண்டும். நாவலோ மூன்றாவது முறையாகத் திருத்தத்துக்கு வந்திருக்கிறது. பிரதியைத் திறந்தால் கை தானாகக் கம்பளி உருண்டையைத் தேடுகிறது. "நாவல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று சிநேகிதிகள் கேட்டால், "கழுத்து வரைக்கும் வந்துவிட்டது" என்று ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

இந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் ஒரு நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்துக்குப் போனேன். இன்று அது நாமக்கல் மாவட்டம். 1997 வரையில் சேலத்தைச் சேர்ந்தது. 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியது அங்கேதான். மழையை நம்பிய வறண்ட பூமி. ஆசிரமம் பஞ்சு கொடுத்தது. சுற்றுக் கிராமங்களின் பெண்கள் அதை நூற்றுக் கொண்டுவந்து கூலி பெற்றார்கள். நெசவாளர்கள் கதராக நெய்தார்கள். வானம் பொய்த்த காலத்தில் அந்த நூல்தான் அடுப்பை எரிய வைத்தது.

அதே ஆசிரமத்திலிருந்து 1929-ல் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை வெளிவந்தது. ராஜாஜிக்குத் துணையாக இருந்து அதை நடத்தியவர் பிற்பாடு தமிழ்நாடு முழுவதும் கொண்டாடிய கல்கி. ஒருபுறம் ராட்டை, ஒருபுறம் பேனா. இரண்டில் எது வேலை, எது பொழுதுபோக்கு என்று அங்கே யாரும் விவாதித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நூற்பதற்கு அன்று அவ்வளவு மதிப்பு! 1924-ல் பெல்காமில் கூடிய காங்கிரஸ், அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தது. மனமில்லாதவர்கள் பிறர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம் என்ற சலுகையும் உண்டு. மறு வருஷமே விதி தளர்ந்துவிட்டது. நாவலைத் திருத்துகிறவர்களுக்கு அப்படி ஒரு சலுகையை யாராவது தந்தால் முதல் மனு என்னுடையதாக இருக்கும்.

திருத்தம் என்றதும் எனக்குக் கடல் கடந்த ஒரு பெண்மணியின் நினைவு வருகிறது. ஜேன் ஆஸ்டின் இருபத்தோரு வயதில் ஒரு நாவலை எழுதி முடித்தார். 1797-ல் அவருடைய தகப்பனார் அதைப் பிரசுரகர்த்தர் ஒருவருக்கு எழுதிக் கேட்டபோது, பிரதியைப் பார்க்காமலே வேண்டாம் என்று பதில் வந்தது. 1809-ல் சாட்டன் கிராமத்துக்குக் குடிபோன பிறகு பழைய பிரதிகளை எடுத்துத் திருத்தினார். 1811-ல் வந்த ஒரு கடிதத்தில், ஒட்டுத்துணிப் போர்வைக்குத் துண்டுகள் சேர்த்தாயா என்று தமக்கையை விசாரிக்கிறார். 1813-ல் அந்தப் பழைய நாவல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்ற பெயரில் வெளிவந்தபோது, அதை நன்றாக வெட்டிக் குறைத்துவிட்டதாக அதே தமக்கைக்கு எழுதுகிறார். தாயாரும் பெண்கள் இருவரும் தைத்த போர்வை இன்றும் சாட்டன் வீட்டில் இருக்கிறது.

வெட்டிக் குறைத்தார்! அந்த இடத்தில்தான் நான் பிடிபட்டேன்.

சென்ற வாரம் ஸ்வெட்டரில் பன்னிரண்டு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருந்தது தெரிந்தது. யோசிக்காமல் ஊசியை உருவிப் பிரித்தேன். மறைந்த என் மாமியார், "பிரிக்க மனசு வராதவள் பின்ன உட்காரக் கூடாது" என்பார். அப்படியானால் நாவலின் நாலாவது அத்தியாயம்? என் பாட்டியை நினைத்து அழுதுகொண்டே எழுதிய நாற்பது பக்கம். கதை அங்கே நின்றுவிடுகிறது என்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். அதைத் தாங்குவதற்காக முன்னும் பின்னும் புதிது புதிதாக எழுதிச் சேர்த்தேனே தவிர, அதைத் தொடவில்லை. ஸ்வெட்டரிடம் நான் ஓடியது களைப்பினால் அல்ல, பயத்தினால்.

கைவேலையின் மேல் பழி இல்லை. ராட்டையில் இழை அறுந்தால் நூற்பவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருவதில்லை. பஞ்சின் முனையை இழையோடு சேர்த்து மறுபடி சுற்றுகிறாள். என் கைக்குத் தெரிந்த அந்தப் பாடம் பேனாவுக்கு வந்து சேரத்தான் இவ்வளவு நாளாயிற்று.

நேற்று அந்த நாற்பது பக்கத்தையும் எடுத்துத் தனியே கட்டி வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிரித்த கம்பளி வீணாவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்வெட்டர் மார்கழிக்குள் போய்விடும். நாவலுக்கு மட்டும் மாதம் கேட்காதீர்கள்.