ஆகாய மார்க்கக் காவலும் விமானம் நடத்துவோர் பொறுப்பும்: அமெரிக்க அனுபவம் ஓர் ஆய்வு

1929-ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஆர்ச்சி லீக் என்பவர், மடக்கு நாற்காலியையும் பெரியதொரு குடையையும் இரண்டு கொடிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுபாதையின் கோடிக்குச் சென்று, காத்திருக்க வேண்டிய விமானத்துக்குச் சிவப்புக் கொடியையும் செல்லத்தக்க விமானத்துக்குக் கட்டம் போட்ட கொடியையும் காட்டியதே அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் ஆரம்பமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அந்த ஏற்பாட்டுக்காக விமானத்தின் சொந்தக்காரர் தம் விமானத்தில் புதிதாக ஒரு கருவியையும் பொருத்த வேண்டியிருக்கவில்லை. விமானியின் கண்ணே போதுமானதாயிருந்தது. அதன்பின் கழிந்த சுமார் நூறாண்டுக் காலத்தில், வானத்தைக் காக்கும் சாதனங்களில் பெரும்பகுதி தரையை விட்டு விமானத்துக்குள்ளேயே குடியேறியுள்ளது. இந்த இடமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விமானம் நடத்துவோர் ஏற்ற செலவும் பொறுப்பும் யாவை, அவற்றுக்கு ஈடாக அவர்கள் பெற்ற பயன் யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்விட்டு ஊர் செல்லும் மார்க்கங்களில் காவலை முதன்முதலில் ஏற்படுத்தியவர்கள் அரசாங்கத்தார் அல்லர், விமானக் கம்பெனிகளே என்பது கவனத்துக்குரிய செய்தி. 1935 டிசம்பர் 1-ஆம் தேதி நெவார்க் நகரில் சில கம்பெனிகள் கூடித் தம் சொந்தச் செலவில் ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தைத் திறந்தன. அதன் ஊழியர்கள் விமானிகளுடன் நேரே பேசும் வசதியின்றி, டெலிபோன் வாயிலாக வந்த நிலைச் செய்திகளைக் கரும்பலகையில் எழுதியும், தேசப்படத்தின் மீது சிறு அடையாள வில்லைகளை நகர்த்தியும், எந்த விமானம் எவ்விடத்தில் இருக்கக்கூடும் என்று கணித்துவந்தனர். 1936 ஜூலையில் மத்திய அரசாங்கம் இந்நிலையங்களை ஏற்றுக்கொண்டபோது, செலவும் பொறுப்பும் பொதுப் பணத்தின்மேல் சென்றன. ஆயினும் அன்று அரசாங்கம் ஏற்றது தரைமீதுள்ள காவலை மட்டுமே என்பதை மறத்தலாகாது. ஆகாயத்தின் பெரும்பகுதியில், ஒருவரை ஒருவர் பார்த்து விலகிக்கொள்ளுதல் என்னும் பழைய விதியே தொடர்ந்து ஆட்சி செய்தது.

அவ்விதியின் போதாமையை உலகம் உணர்ந்தது 1956 ஜூன் 30-ஆம் தேதி. அன்று காலை லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் விமானமொன்று 9.01-க்கும், யுனைட்டெட் கம்பெனியின் விமானமொன்று 9.04-க்கும் கிளம்பின. முன்னது 21,000 அடி உயரம் வேண்டியபோது, அவ்வுயரத்தில் மற்றது செல்வதால் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் மேகத்துக்கு மேலே ஆயிரம் அடியில் பறப்பதற்கு அனுமதி வேண்டிப் பெற்று, அதன் பயனாக அதே 21,000 அடிக்கே வந்து சேர்ந்தது. இரு விமானிகளும் ஒரே எல்லைக்கோட்டை 10.31-க்குக் கடப்பதாகத் தெரிவித்திருந்தும், கட்டுப்பாடற்ற வான்பரப்பில் சென்ற அவர்களை எச்சரிக்கும் கடமை எந்த உத்தியோகஸ்தருக்கும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் மேல் அவ்விரண்டும் மோதி, 128 பேரும் மாண்டனர். செய்தி கையில் இருந்தும் அதைச் செயலாக்கும் ஏற்பாடு இல்லாமற் போனதே அத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. 1958-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சி விமானச் சட்டமும், அதன்வழிப் பிறந்த எஃப்.ஏ.ஏ. என்னும் ஸ்தாபனமும், நாடெங்கும் பரவிய ராடார் நிலையங்களும் இத்துயர சம்பவம் தூண்டிய சீர்திருத்தங்களாம்.

ராடார் தரைக்குரியதாயினும், அதன் முழுப்பயன் விமானத்தின் ஒத்துழைப்பையே சார்ந்தது. தரையிலிருந்து வரும் வினாவுக்குத் தன் அடையாள எண்ணையும் உயரத்தையும் விடையாக அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி விமானத்துள் ஏறியதும் சொந்தக்காரரின் செலவுக் கணக்கு தொடங்கியது. இக்கருவி குறைவுற்றிருந்தால் விளையும் கேடு 1986 ஆகஸ்ட் 31 அன்று கலிபோர்னியாவின் செரிட்டோஸ் நகரில் வெளிப்பட்டது: அனுமதியின்றிக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் நுழைந்த ஒரு சிறு பைப்பர் விமானம், இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோ விமானத்தோடு மோதியது, வானிலும் தரையிலுமாக 82 பேர் மடிந்தனர். சிறு விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, உயரம் அறிவிக்கும் வசதி மட்டும் இல்லை. இதன் விளைவாகப் பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வட்டாரங்களில் உயரம் அறிவிக்கும் கருவி கட்டாயமாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட ஆசனங்களையுடைய பிரயாணி விமானங்கள் 1993 முடிவுக்குள் மோதல் தவிர்க்கும் கருவியைப் பெற்றன.

2005 ஜனவரி 20-ஆம் தேதி அமலுக்கு வந்த உயர இடைவெளிச் சீர்திருத்தத்தைச் சுருக்கமாகக் கூறுவது போதும். 29,000 அடிக்கு மேல் இரு விமானங்களிடையே இருந்த 2,000 அடி இடைவெளி 1,000 அடியாகக் குறைய, 41,000 அடி வரையில் ஆறு புதிய தளங்கள் கிடைத்தன. நுட்பமான உயரமானிகளும் அரசாங்க அங்கீகாரமும் இல்லாத ஜெட் விமானங்களுக்கோ, எரிபொருளை மிகுதியாக விழுங்கும் கீழ்த்தளங்களிலேயே நின்றுவிட நேர்ந்தது. பழைய ஜெட்டுகளை வைத்திருந்தோர் பலர், கருவி மாற்றும் செலவையும் விமானத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்தனர்.

இவ்வரலாற்றின் மையம் ஏ.டி.எஸ்.-பி. என்னும் முறையாகும். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருப்பெற்ற ‘நெக்ஸ்ட்ஜென்’ திட்டத்தின் அடித்தளமாகிய இம்முறையில், விமானம் ஜி.பி.எஸ். கொண்டு தன் ஸ்தானத்தைத் தானே கணித்து, வினா எதையும் எதிர்பாராமல் ஏறத்தாழ வினாடிக்கொருமுறை அறிவிக்கிறது. நெடுந்தூர ராடாரோ ஒரு சுற்றுக்குச் சுமார் பன்னிரண்டு வினாடி எடுத்துக்கொள்ளும். 2010-இல் வெளியான விதி, 2020 ஜனவரி 1 முதல் குறிப்பிட்ட வான்பரப்புகளில் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. 18,000 அடிக்குக் கீழே அமெரிக்காவுக்குள் மட்டும் பறப்பவர் 978 மெகாஹெர்ட்ஸ் அலையையும், உயரே பறப்பவரும் பிற தேசங்களுக்குச் செல்பவரும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலையையும் தேர்ந்துகொள்ளலாயினர். சட்டம் வற்புறுத்தியது செய்தியை வெளியே அனுப்பும் பாகத்தை மட்டுமே என்பது இங்கே முக்கியம். அண்டை விமானங்களையும் வானிலை விவரத்தையும் விமானிக்குக் காட்டுவது உள்வாங்கும் பாகம். அது விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயமாகச் செய்த செலவு முதலில் பயன்பட்டது தரையிலுள்ள கண்காணிப்பாளருக்கே. செலவிட்டவர் தமக்குப் பயன் வேண்டுமாயின் மேலும் செலவு செய்யவேண்டியிருந்தது. மேலும் இம்முறை ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது: வான்பரப்பில் கருவியற்ற விமானங்கள் கலந்துள்ள வரையில், கருவியுடையவருக்கும் நெருங்கிய இடைவெளியின் ஆதாயம் முழுதாகக் கிட்டாது. முன்வந்து வாங்கியவர் காத்திருக்கவும், கடைசியில் வாங்கியவர் மலிந்த விலையில் உடனே பயன் பெறவும் இது இடமளித்ததால், பலர் தாமதித்ததில் வியப்பில்லை. அத்தாமதத்தை உணர்ந்தே 2016-இல் எஃப்.ஏ.ஏ., ஒற்றை பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்களின் சொந்தக்காரருக்கு 500 டாலர் திருப்பித் தர முன்வந்தது. முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற பழைய முறைமைக்குப் பதிலாக, சிறந்த கருவியுடையவருக்குச் சிறந்த சேவை என்ற கோட்பாடும் இக்காலத்தில் பேசப்பட்டது. சிறிய விமானத்தின் சொந்தக்காரரை வரிசையின் கடைசிக்குத் தள்ளக்கூடிய அக்கோட்பாடு, பொதுச் சொத்தாகிய வானத்துக்கு ஏற்றதன்று என்பதே என் துணிபு.

ஏ.டி.எஸ்.-பி. விதியின் அனுபவத்துக்கு நேர்மாறான இரண்டு அனுபவங்கள் அலாஸ்காவில் உள்ளன. மலைகளால் சூழப்பட்டு மூடுபனியில் அடிக்கடி மறையும் ஜூனோ நகரத்துக்கு, 1996-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் கம்பெனி, விமானத்தின் சொந்தக் கணிப்பொறியையும் ஜி.பி.எஸ்.-ஐயும் நம்பி, குறுகிய கடற்கால்வாயினூடே இறங்கும் மார்க்கத்தை வகுத்துக்கொண்டது. பிறர் கருவி வாங்கும் வரையில் அது காத்திருக்கவில்லை. முன்பு பனியால் திரும்பிப்போயிருக்கக்கூடிய விமானங்கள் இறங்கத் தொடங்கியதும் செலவிட்டவருக்கே பலன் கிட்டியது. மற்றொன்று, 1999-இல் பெத்தேல் வட்டாரத்தில் தொடங்கிய ‘கேப்ஸ்டோன்’ திட்டம். சாலையே இல்லாத அந்தச் சதுப்பு நிலத்தில் மக்களையும் தபாலையும் சுமக்கும் சிறு விமானங்களுக்கு அரசாங்கமே கருவிகளை வாங்கிப் பொருத்தி, தரை நிலையங்களையும் நிறுவிற்று. விபத்துகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. பயன் பொதுவாக இருக்குமிடத்தில் செலவும் பொதுவாக இருந்தால் சீர்திருத்தம் விரைந்து வேரூன்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வரலாற்றில் இல்லை. நாடு முழுமைக்குமான விதியை வகுத்தபோது இவ்வழி கைவிடப்பட்டது வருந்தத்தக்கது.

கருவி பொருத்தியதோடு பொறுப்பு முடிந்தபாடில்லை. எளிய வாங்கி ஒன்று வைத்திருக்கும் எவரும் ஒரு விமானத்தின் போக்கைப் பின்தொடரலாமென்ற நிலையால், தனியார் ஜெட்டுகளின் சொந்தக்காரர் எழுப்பிய ஆட்சேபத்துக்கு இணங்கி, மாற்று அடையாள எண் வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இதனினும் கடுமையானது ஜி.பி.எஸ். அலைக்கு நேரும் இடையூறு. 2023 முதல் மேற்காசிய வான்பரப்பில் பொய்யான சமிக்ஞைகளால் விமானங்களின் கணிப்பு நிலைதடுமாறியதாக விமானிகள் பலர் அறிவித்துள்ளனர். ஸ்தானம் அறிதலும் அறிவித்தலும் ஒரே மூலத்தை நம்பியிருப்பதால் இரண்டும் ஒருங்கே பிழைபடுகின்றன. இக்காரணம்பற்றியே எஃப்.ஏ.ஏ., வி.ஓ.ஆர். என்னும் பழைய தரை வழிகாட்டி நிலையங்களைக் குறைத்து, ஜி.பி.எஸ். செயலற்றுப்போகும் வேளையில் விமானங்கள் இறங்குவதற்கான அளவை மட்டும் நிலைநிறுத்தி வருகிறது. அந்நிலையங்களின் குரலைக் கேட்கும் வாங்கியையும் விமானம் நடத்துவோர் பலர் கழற்றிவிடாமல் வைத்திருக்கின்றனர். புதிய கருவிக்குரிய பராமரிப்போடு பழைய கருவியின் பரிசோதனைச் செலவையும் ஆண்டுதோறும் சேர்த்தே அவர்கள் ஏற்றுவருகின்றனர்.