படிக்கு யார் பேசியது? – மலைவீடுகளும் சுமைகூலியும்

1

சில வருஷங்களுக்கு முன்பு என் தங்கைக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வீட்டுச் சாமான்களை மலைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றிடம் பேசினோம். அவர்கள் அனுப்பிய தாளில் எல்லாம் வரிவரியாக இருந்தது: கட்டுவதற்கு இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அப்புறம் ‘மலைப்பாதை கூடுதல்’ என்று ஒரு தொகை. சாமான் பட்டியலும் அப்படித்தான். அயனிப்பலகை அலமாரி 1, கட்டில் 2, புத்தகப் பெட்டி 14, உம்மா பிடிவாதமாகச் சேர்த்த ஆட்டுரல் 1.

லாரி மலையேறி ஒரு வளைவில் நின்றுவிட்டது. வீடு ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருந்தது. எழுபது எழுபத்தைந்து படி இறங்க வேண்டும். வண்டி நிற்கும் இடம் வரைக்கும்தான் தங்கள் பொறுப்பு என்றார்கள் உடன் வந்தவர்கள். பக்கத்தில் நின்றிருந்த உள்ளூர்ச் சுமைக்காரர்கள் நாலு பேர் வந்து ஒரு கூலி சொன்னார்கள். நான் சத்தம் போட்டேன். இறக்குக்கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று தாளை நீட்டிக் காட்டினேன். அவர்களில் மூத்தவர் தாளை வாங்கிப் பார்க்கவேயில்லை. “சார், நீங்க ரோட்டுக்குத்தான் காசு பேசிருக்கீங்க. படிக்கு யாரு பேசுனது?” என்றார்.

அன்றைக்கு அதை ஒரு ஏமாற்றாகத்தான் எடுத்துக்கொண்டேன். தமிழ் படித்தவனுக்கு ஒரு பிரதியில் சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் விட்டதைத் தேடும் பழக்கம் உண்டு. ஆனால் கையில் இருக்கும் ரசீதை யாரும் பிரதியாக வாசிப்பதில்லை. அந்தத் தாளில் சாமானுக்குப் பெயர் இருந்தது, வண்டிக்குப் பெயர் இருந்தது. தோள் மட்டும் ‘இறக்குக்கூலி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்திருந்தது. மலைவாசத்தலங்களின் வரலாறே இந்தத் தாளைப் போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

2

கொடைக்கானலின் வரலாறு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது இது. 1821இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்தார். சமவெளியின் காய்ச்சலில் ஆட்களை இழந்துகொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷன், முதலில் சிறுமலையைப் பார்த்து, அது சரிப்படாமல், 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டியது. மதுரைக் கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார்; ஓய்வுக்குப் பின் அங்கேயே குடியேறினார். 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி வந்தது.

இந்த வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வருஷத்தை வைத்துப் பாருங்கள். வத்தலக்குண்டு வழியாக மேலே போகும் சாலைக்கு மேஜர் லா என்பவர் 1870களில் வழி வகுத்தார். தாது வருஷப் பஞ்சம் குறுக்கிட்டது. அந்தச் சாலை முடிந்தது 1914இல். அதாவது முதல் வீடு கட்டப்பட்டதற்கும் சாலை வந்ததற்கும் நடுவில் 69 வருஷம். அவ்வளவு காலமும் அந்த ஊருக்குப் போக வண்டிப்பாதை கிடையாது.

அப்படியானால் எப்படிப் போனார்கள்? 1870களின் நடுவில் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் தங்கினார்கள். அங்கிருந்து மேலே குறுகலான செங்குத்துப் பாதை, ஏறக்குறைய 12 மைல். துரைமார் குதிரையில் போனார்கள். அவர்களின் மனைவிமாரும் குழந்தைகளும் நாற்காலியிலோ டோலியிலோ உட்கார, ஆட்கள் தூக்கிப் போனார்கள். சாமான் தலையில் போயிற்று. அந்தப் பாதைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘கூலி காட்’. நடந்தவர்களின் பெயரால் அமைந்த பாதைதான். ஆனால் அது அவர்களுடைய பெயரா?

தமிழில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கப்படும் பணம் அல்லது நெல். வாங்குகிறவன் கூலியாள், கூலிக்காரன். ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தபோது ஆளே கூலியாகிவிட்டான். அந்தச் சொல் தமிழிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி என்ற சாதிப்பெயரிலிருந்து வந்ததா என்ற விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். கொடுக்க வேண்டிய காசும் கொடுக்கப்பட வேண்டிய மனிதனும் ஒரே சொல்லாகிப் போனபின், காசைப் பற்றித் தனியாகப் பேச இடமில்லாமல் போகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

சூரிய ஆய்வுக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கே ஜான் எவர்ஷெட் கண்டறிந்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். சாலை வர இன்னும் ஐந்து வருஷம் இருந்த நேரம் அது. அவர் கண் வைத்துப் பார்த்த கண்ணாடிகளும் இரும்புச் சட்டங்களும் மனிதத் தோளும் மிருக முதுகும் இல்லாமல் மேலே போயிருக்க முடியாது. விஞ்ஞானத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கண்டுபிடிப்பின் செலவுக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

3

நீலகிரியில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1820களின் தொடக்கத்தில் உதகையில் கல்வீடு எழுந்தது. 1870 முதல் சென்னை மாகாண அரசே வருஷத்தில் பல மாதங்கள் அங்கே குடிமாறியது. கவர்னரும் செயலாளர்களும் மட்டுமா போனார்கள்? கோப்பும் மேஜையும் சமையல் பாத்திரமும் சேர்ந்தே போயின. குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல், உதகைக்கு 1908இல். ஒரு அரசாங்கம் ஆண்டுதோறும் வீடு மாற்றியது என்றே இதைச் சொல்லலாம். ஆனால் நிர்வாக வரலாறு இதைக் ‘கோடைகாலத் தலைநகர்’ என்ற கௌரவமான பெயரால் கடந்துவிடுகிறது.

மெக்காலே 1834இல் சென்னையில் இறங்கி, பெண்டிங் பிரபுவைச் சந்திக்க உதகைக்குப் போனார். அந்த 400 மைலையும் மனிதர்களின் தோளில் கடந்ததாக அவரே வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் கல்வி பற்றிய அவருடைய குறிப்பு வந்தது. நிறத்தால் இந்தியராகவும் ரசனையால் ஆங்கிலேயராகவும் உள்ள ஒரு வகுப்பை உண்டாக்குவது பற்றி எவ்வளவோ விவாதித்திருக்கிறோம். அந்தக் குறிப்பை எழுதியவரை மலைக்குத் தூக்கிப்போன ஆட்களைப் பற்றி விவாதிக்கவில்லை. அந்த வகுப்பில் வந்து சேர்ந்தவன்தானே நானும், தாளை நீட்டிக்கொண்டு வளைவில் நின்றவன்!

4

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கொடுமை என்று முடித்துவிட எங்கள் ஊர்க்காரனால் முடியாது. தேங்காய்ப்பட்டணம் பழைய துறைமுகம். குழித்துறை ஆறு கடலில் சேரும் இடம். 1860இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய் இந்த வழியாகத்தான் வெட்டப்பட்டது. ஓரளவு சரக்கை வள்ளம் சுமந்தது. வள்ளம் போகாத இடத்தில் தலைதான். பழைய பாதைகளின் ஓரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். நிறைசூலியாக இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நட்டார்கள். தெருவில் போகிறவன் சும்மாட்டோடு சுமையை அதில் இறக்கி வைத்தால், இறந்தவளின் பாரம் குறையும் என்று நம்பிக்கை.

அந்தப் பாதைகளில் போன சுமைக்கெல்லாம் கூலி கிடைத்ததா? திருவிதாங்கூரில் அதற்கு ஊழியம் என்று பெயர். சர்க்காருக்கும் கோயிலுக்கும் வேண்டிய நெல், உப்பு, விறகு, வரும் அதிகாரியின் மூட்டை முடிச்சு, எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட சாதியார் காசில்லாமல் சுமக்க வேண்டும். ராணி கௌரி பார்வதி பாய் (1815–1829) காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. கவனியுங்கள்: ஊழியம் போகவில்லை, ஒரு கிழமை போயிற்று. அடிமைமுறையை ஒழிக்கும் அறிவிப்பு 1855இல் வந்தது. காலனி அரசு மலையடிவாரத்தில் ஆள் பிடித்தபோது, சுமப்பதற்கென்றே பிறந்த சாதிகள் உண்டு என்ற எண்ணம் இங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது. இரண்டு அதிகாரங்களும் அந்த எண்ணத்தில் ஒன்றையொன்று நன்றாகவே புரிந்துகொண்டன.

இதை மறுத்தவர்கள் வடக்கே ஒரு மலையில் இருந்தார்கள். குமாவோன் பகுதியில் பயணம் வரும் அதிகாரிக்குச் சுமை தூக்குவது கிராமத்தாரின் கட்டாயக் கடமை. யார் முறை என்று குறிக்கப் பதிவேடு வைத்திருந்தார்கள். 1921 ஜனவரியில், நாம் பொங்கல் கொண்டாடும் அதே சங்கராந்தியை ஒட்டி, பாகேஷ்வர் உத்தராயணித் திருவிழாவில் கூடிய ஜனங்கள் அந்தப் பதிவேடுகளைச் சரயு நதியில் வீசினார்கள். பத்ரி தத் பாண்டே போன்றவர்கள் முன்னின்றார்கள். அவர்கள் கேட்டது கூடுதல் கூலியை அல்ல; ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையை. 1950இல் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு ‘பேகார்’ என்ற அந்தச் சொல்லையே பெயர் சொல்லித் தடை செய்தது. மாட்டேன் என்று சொல்ல முடிந்தவனால்தான் விலை பேச முடியும். கூலிக்கும் ஊழியத்துக்கும் உள்ள வித்தியாசம் காசில் இல்லை, அந்த மறுப்பில்தான் இருக்கிறது.

5

எல்லையில் வாழ்கிற எங்களுக்கு இதற்கு நேர் எதிர்முனையும் தெரியும். களியக்காவிளை தாண்டினால் ‘நோக்குகூலி’. வீட்டுக்காரர் தானே சாமானை இறக்கினாலும், இயந்திரம் இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்ற யூனியன் தொழிலாளிக்குக் கூலி. கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் 1978இல் வந்தது. அது அவர்களுக்கு வேலையும் நலநிதியும் உறுதி செய்த நல்ல சட்டம். நோக்குகூலி அதன் பெயரால் வளர்ந்த முறைகேடு. 2018 மே 1 முதல் கேரள அரசே அதை ஒழிப்பதாக அறிவித்தது. மிரட்டிப் பறிப்பதை நியாயப்படுத்த எனக்கு எண்ணமில்லை. ஆனால் நம் வீடுகளில் நோக்குகூலியைப் பற்றிப் பேசும் ஆவேசத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஊழியத்தைப் பற்றிப் பேசப்படுவதில்லை. வேலையில்லாமல் வாங்கிய கூலி நமக்கு ஞாபகமிருக்கிறது. கூலியில்லாமல் வாங்கிய வேலை மறந்துவிட்டது.

6

கொடைக்கானலின் பழைய பாதைகள் முற்றிலும் செத்துவிடவில்லை. ஊருக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமல், குதிரையின் முதுகிலும் மனிதத் தலையிலும் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கி வாழ்ந்த ஊர். நோயாளியையும் கர்ப்பிணியையும் டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். ஒரே மலையில் டோலி ஒருவருக்குச் சௌகரியமாக வந்தது. இன்னொருவருக்குக் கதியற்றுப்போய் வந்தது. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளை இ-பாஸ் வைத்து எண்ணுகிறார்கள். வண்டியை எண்ணுவது சுலபம். வண்டி நின்ற இடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் உள்ள தூரத்தை எந்தக் கணக்கும் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு ஆண் தூக்கக்கூடிய அதிகபட்சச் சுமை 55 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. எங்கள் ஆட்டுரலை அன்றைக்கு யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. இரண்டு பேர் சாக்கில் கட்டிக் கம்பு கோத்து இறக்கினார்கள். நடுவில் இரண்டு இடத்தில் வைத்துவிட்டு நின்றார்கள். அந்தப் படிகளில் சுமைதாங்கி எதுவும் இல்லை. கேட்ட கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கொடுத்து, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் சொன்னபோது உம்மா, “படிக்குள்ளத கொடுத்தியா மோனே?” என்று மட்டும் கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

போன வருஷம் தங்கை அதே ஊரில் வேறு வீட்டுக்கு மாறினாள். இம்முறை நானே முன்னால் போய்ப் படிகளை எண்ணினேன். 48. எத்தனை படி, எத்தனை ஆள், தலைக்கு என்ன கூலி, எது கனமான சாமான் என்று ஒரு தாளில் எழுதிச் சுமைக்காரர்களிடம் வாசித்துக் காட்டினேன். அவர்கள் ஆட்டுரலுக்கு ஒரு ஆள் கூட வேண்டும் என்றார்கள். சேர்த்து எழுதினேன்.