ஊர்ப்பெயர் சொன்ன சாட்சி

2016 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் போட்டிகளில் நீச்சல் பந்தயங்கள் முடிந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. ஒலிம்பிக் பதக்கங்கள் பன்னிரண்டு வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் ரயன் லாக்டி, என்பிசி தொலைக்காட்சியிடம் ஒரு சம்பவத்தை விவரித்தார். விருந்து ஒன்றை முடித்துக்கொண்டு அணித் தோழர்கள் மூவருடன் டாக்ஸியில் திரும்பியபோது, போலீஸ் வில்லை காட்டிய ஆட்கள் வண்டியை மறித்ததாகச் சொன்னார். எல்லாரையும் தரையில் படுக்கச் சொன்னார்களாம். அவர் மறுத்தபோது துப்பாக்கியை நெற்றியில் வைத்துப் பணத்தைப் பறித்துக்கொண்டார்களாம். செய்தி சில மணி நேரத்தில் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் பேச்சாளர் முதலில் மறுத்து, பிறகு தன் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்தக் கதைக்கு அப்போது எந்த ஆதாரமும் இல்லை. போலீசில் புகார்கூட இல்லை. ஆனாலும் நம்பினார்கள், காரணம், நடந்த இடம் ரியோ. அந்த நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததுமல்ல. மே மாதத்தில் ஸ்பெயினின் பாய்மரப் படகு வீரர் ஃபெர்னாண்டோ எச்சாவாரி அதே நகரத்தில் துப்பாக்கி முனையில் கொள்ளையடிக்கப்பட்டிருந்தார். ஜூனில் ஆஸ்திரேலியப் பாராலிம்பிக் வீராங்கனை லீசல் டெஷ்ஷின் சைக்கிளைத் துப்பாக்கி காட்டிப் பறித்தார்கள். ஜூலையில் நியூசிலாந்தின் ஜியு-ஜிட்சு வீரர் ஜேசன் லீயைப் போலீஸ்காரர்களே கடத்திச் சென்று, ஏடிஎம்மில் பணம் எடுத்துத் தரச் செய்தார்கள். அவருடைய புகாரின்பேரில் போலீஸ்காரர்கள் கைதானார்கள்.

உண்மையான மூன்று அனுபவங்கள் போட்டுவைத்த பாதையில் நான்காவதாக ஒரு பொய் நடந்து வந்தது. வெளிநாட்டில் விளையாட்டு வீரர்கள் சிக்கிய சர்ச்சைகளை அரை நூற்றாண்டுக்குப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சாட்சியமும் தடயமும் வருவதற்கு முன்பே அந்த ஊரின் பெயர் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறது. சில சமயம் அது உண்மையான ஆளைக் காப்பாற்றியது. சில சமயம் பொய் சொன்னவருக்குத் துணைபோனது.

தொடக்கத்தில் இந்தச் சர்ச்சைகள் லேசாகத்தான் இருந்தன. 1964இல் டோக்கியோவில், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தொடர்ந்து மூன்றாம் முறையாகத் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய வீராங்கனை டான் ஃப்ரேசர், பேரரசரின் அரண்மனை அருகே பறந்த ஒலிம்பிக் கொடியை எடுக்கப்போய்ப் பிடிபட்டார். ஜப்பானியப் போலீஸ் வழக்குப் போடவில்லை. பிறகு அந்தக் கொடியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. பொருளை இழந்தவர்கள் மன்னித்துவிட்டார்கள். சொந்த நாட்டின் நீச்சல் சங்கமோ, தொடக்க விழா அணிவகுப்பில் உத்தரவை மீறிக் கலந்துகொண்டது, அனுமதிக்கப்படாத நீச்சலுடை அணிந்தது ஆகியவற்றையும் கணக்கில் வைத்து அவருக்குப் பத்து ஆண்டுத் தடை விதித்தது. 1968 மெக்சிகோ போட்டிகளுக்குச் சற்று முன் தடை விலக்கப்பட்டபோது, தயாராவதற்கு அவருக்கு நேரமில்லை. குற்றம் நடந்த நாட்டின் சட்டமும் வீரரின் சொந்தச் சங்கத்தின் கோபமும் வெவ்வேறு தராசுகள் என்பதை இந்த நிகழ்வு அப்போதே காட்டிவிட்டது.

அடுத்த நிகழ்வு சிரித்து மறக்கக்கூடியதாக இல்லை. 1970 மே மாதம், மெக்சிகோ உலகக் கோப்பைக்குப் போகும் வழியில் இங்கிலாந்து கால்பந்து அணி கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் தங்கியது. நடப்புச் சாம்பியன் அணி அது. கேப்டன் பாபி மூர். தெக்கெந்தாமா ஹோட்டலுக்குள் 'ஃபுவேகோ வெர்தே' என்றொரு நகைக்கடை. 'பச்சை நெருப்பு' என்று பொருள். மரகதத்துக்குப் பேர்போன நாட்டில் பொருத்தமான பெயர். பாபி சார்ல்ட்டன் தன் மனைவிக்கு ஏதாவது வாங்கலாம் என்று அங்கே நுழைய, மூரும் உடன் போனார். இருவரும் வெறுங்கையோடு வெளியே வந்து சற்று நேரத்தில், மரகதம் பதித்த பிரேஸ்லெட் ஒன்றைக் காணவில்லை என்று கடையில் குற்றம்சாட்டினார்கள். அதன் மதிப்பு 600 பவுண்டு. இருவரும் வாக்குமூலம் கொடுத்தார்கள், விவகாரம் அதோடு முடிந்ததாகவே தோன்றியது. அணி கொலம்பியாவை 4-0 என வென்று, எக்குவடோர் சென்று அங்கும் வென்று, மே 25 அன்று விமானம் மாறப் பொகோட்டா திரும்பியது. அங்கே மூரை மட்டும் கைதுசெய்தார்கள்.

இங்கிலாந்துப் பத்திரிகைகளும் ரசிகர்களும் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. கொலம்பியா ஏமாற்றுக்காரர்களின் நாடு, பிரபலமானவர்களை இப்படிச் சிக்கவைத்துப் பணம் பறிப்பது அங்கே வழக்கம் என்ற பேச்சே எங்கும் நிறைந்திருந்தது. பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நேரம். பிரதமர் ஹெரால்டு வில்சனே தலையிட்டார், தூதரகம் ஓடியாடியது. மூரைச் சிறைக்கு அனுப்பாமல் கொலம்பியக் கால்பந்து நிர்வாகி அல்ஃபோன்சோ சீனியரின் வீட்டில் காவலில் வைத்தார்கள். நான்கு நாட்களில் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டு அவர் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். ஜூன் 7 அன்று பிரேசிலுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. ஆட்டம் முடிந்து பெலேயும் அவரும் சட்டை மாற்றிக்கொண்ட படமும் அப்படியே. பிரேஸ்லெட் கடைசிவரை கிடைக்கவில்லை.

மூர் குற்றமற்றவர் என்றே எல்லாத் தடயங்களும் சொல்கின்றன. ஆனால் அவருடைய நாட்டு மக்கள் அந்த முடிவுக்கு வந்தது தடயங்களைப் பார்த்து அல்ல. பொகோட்டா என்ற பெயரும் மூர் என்ற பெயரும் எதிரெதிரே நின்றன. எது கனமானது என்பதில் லண்டனில் யாருக்கும் ஐயமில்லை. சரியான விடையைத் தவறான கணக்கில் கண்டுபிடித்தார்கள். அதே கணக்கை ரியோவில் போட்டபோது விடையும் தவறிப்போனது.

இடையில் 1988 வருகிறது. சியோல் ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் தங்கம் வென்ற அமெரிக்கர்கள் ட்ராய் டால்பி, டக் ஜெர்ட்சன் இருவரும் வெற்றியைக் கொண்டாடப் போன ஹோட்டலிலிருந்து பளிங்குச் சிங்கத்தலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விளையாட்டுக்குச் செய்தோம் என்றார்கள். கொரியர்களால் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நாட்களில்தான் கொரியக் குத்துச்சண்டை வீரர் பியோன் ஜோங்-இல் தோல்வித் தீர்ப்பை எதிர்த்து வளையத்துக்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்ததை என்பிசி திரும்பத் திரும்ப ஒளிபரப்பி, நாட்டையே கேலிக்கூத்தாகக் காட்டுகிறது என்ற கோபம் மூண்டிருந்தது. அந்தக் கோபத்தில் சிங்கத்தலை எண்ணெயாய் விழுந்தது. இருவரும் மன்னிப்புக் கேட்டு, வழக்கு விசாரணை இல்லாமல் நாடு திரும்பினார்கள். அங்கே நீச்சல் சம்மேளனம் அவர்களை நீண்ட காலம் இடைநீக்கம் செய்தது. விருந்தாளியின் விளையாட்டு விருந்தளித்தவருக்கு அவமானமாகலாம் என்ற பாடம் அந்தச் சம்மேளனத்தின் பதிவேட்டிலேயே இருந்தது. 28 ஆண்டுகள் கழித்து அது யாருக்கும் நினைவில்லை.

1993 ஏப்ரலில் கிரெனடாக் கடற்கரையில் வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ், முஷ்டாக் அகமது, ஆகிப் ஜாவேத் என்ற நான்கு பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர்கள் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகி, குற்றச்சாட்டு கைவிடப்பட்டு வெளியே வந்தார்கள். மூரின் விஷயத்தில் பேசப்பட்டதுபோலவே, தங்களைச் சிக்கவைத்தார்கள் என்பதே வீரர்கள் தரப்பு வாதம்.

மறுபடியும் ரியோ. லாக்டியின் கதையை முதலில் அசைத்தவர் நீதிபதி கெய்லா பிளாங்க். விடியற்காலை வீரர்கள் ஒலிம்பிக் கிராமத்துக்குத் திரும்பும் சிசிடிவி காட்சி அப்போது வெளியாகியிருந்தது. கொள்ளையடிக்கப்பட்டவர்கள் கைப்பொருள்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். வாக்குமூலங்களும் ஒத்துப்போகவில்லை. ஆகஸ்ட் 17 அன்று பாஸ்போர்ட்டுகளைப் பறிமுதல் செய்ய அவர் உத்தரவிட்டபோது லாக்டி அமெரிக்கா போய்விட்டார். அவருடன் இருந்த மூவரில் கன்னர் பென்ட்ஸ், ஜாக் காங்கர் இருவரும் அன்றிரவு விமானத்திலிருந்து இறக்கப்பட்டார்கள். மறுநாள் போலீஸ் தலைவர் ஃபெர்னாண்டோ வெலோசோ, கொள்ளையே நடக்கவில்லை என்று அறிவித்தார். பாஹா டா டிஜுகாவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்ற வீரர்கள் பொருள்களைச் சேதப்படுத்தினார்கள், பாதுகாவலர்கள் தடுத்தார்கள், நஷ்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அவர்கள் போனார்கள் என்பது போலீஸ் தரப்பு.

பிரேசில் அந்த வாரம் கொதித்ததற்கு வரலாறு உண்டு. எழுத்தாளர் நெல்சன் ரோட்ரிகஸ் 1950களில் தன் நாட்டவரின் தாழ்வு மனப்பான்மைக்குத் 'தெருநாய் மனநோய்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். அயலார் முன்னால் தன்னையே தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் அது. லாக்டியின் கதையை முதல் நாள் நம்பியவர்களில் பிரேசிலியர்களும் ஏராளம். எங்கள் ஊர் அப்படித்தான் என்று வெட்கப்பட்டார்கள். பொய் என்று தெரிந்ததும் அந்த வெட்கமே கோபமாக மாறியது. ஏமாற்றியது ஒரு நீச்சல் வீரர் என்பதைவிட, தங்கள் ஊரைப் பற்றிய தங்கள் பயத்தையே அவர் ஆயுதமாக்கினார் என்பதுதான் வலித்தது.

ஒலிம்பிக் அமைப்பாளர்களின் பேச்சாளர் மாரியோ அந்த்ராதா, அந்தப் பிள்ளைகளைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள் என்ற தொனியில் பேசினார். அமெரிக்காவிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. லாக்டிக்கு அப்போது 32 வயது. அதே வாரங்களில், தேசிய கீதத்தின்போது நெஞ்சில் கைவைக்கவில்லை என்பதற்காக 20 வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கேபி டக்ளஸை வசைபாடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பினப் பெண்ணுக்கு 20 வயதில் கிடைக்காத 'பிள்ளை' என்ற சலுகை வெள்ளையின ஆணுக்கு 32 வயதிலும் கிடைப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது.

ஆனால் போலீஸ் சொன்னதும் முழு உண்மையாக நிற்கவில்லை. பென்ட்ஸ் தந்த விவரத்தின்படி, கட்டடத்துக்குப் பின்புறம் சிறுநீர் கழித்தார்கள். சுவரில் இருந்த விளம்பரச் சட்டகம் ஒன்றை லாக்டி இழுத்துப் பெயர்த்தார். காவலர்கள் துப்பாக்கியை நீட்டினார்கள். மொழி தெரிந்த ஒருவர் இடையில் நின்று பேச, 20 டாலரும் 100 ரியாலும் கொடுத்துக் கிளம்பினார்கள். கழிவறையைச் சேதப்படுத்தியதாகச் சொல்லப்பட்டதற்குத் தடயம் இல்லை என்று 'யூஎஸ்ஏ டுடே' நாளிதழ் பின்னர் விசாரித்து எழுதியது. நெற்றியில் துப்பாக்கி, வழிமறிப்பு எல்லாம் பொய். ஆனால் துப்பாக்கி இருந்தது, அதைக் காட்டித்தான் பணம் வாங்கப்பட்டது. இதற்கு நஷ்டஈடு என்று பெயரா, மிரட்டல் என்று பெயரா? போர்ச்சுகீசு தெரியாத நால்வருக்கும் ஆங்கிலம் தெரியாத காவலர்களுக்கும் இடையே அந்த நிமிடங்களில் அந்தக் கேள்விக்கு விடை இருந்திருக்காது. பிந்தைய விவாதத்தில் இரு தரப்பும் ஆளுக்கொரு பாதி உண்மையைக் கையில் எடுத்துக்கொண்டன.

தண்டனை வந்த வரிசையும் கவனிக்க வேண்டியது. மூவரில் எஞ்சிய ஜிம்மி ஃபைகன் 35,000 ரியால் நன்கொடை கொடுக்கச் சம்மதித்துப் பாஸ்போர்ட்டைப் பெற்றார். பணம் போய்ச் சேர்ந்த இடம், சிட்டி ஆஃப் காட் சேரியிலிருந்து வந்து பிரேசிலுக்கு அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தை வென்ற ரஃபேலா சில்வாவை வளர்த்த ஜூடோ பள்ளி. ஆகஸ்ட் 22 அன்று ஸ்பீடோ, ரால்ஃப் லாரன் உள்ளிட்ட நான்கு ஸ்பான்சர்கள் லாக்டியைக் கைவிட்டார்கள். செப்டம்பரில் அமெரிக்க அமைப்புகள் அவருக்குப் பத்து மாதமும் மற்ற மூவருக்கு நான்கு மாதமும் தடை விதித்தன. நீதிமன்றம் எல்லாருக்கும் பின்னால் வந்தது. பொய்யாகக் குற்றம் நடந்ததாக அதிகாரிகளிடம் சொல்வது பிரேசில் தண்டனைச் சட்டத்தின் 340ஆம் பிரிவின்படி குற்றம். லாக்டி மீது அந்தப் பிரிவில் இருந்த வழக்கை 2017 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் போலீசிடம் போய்ப் புகார் தரவில்லை, செய்தியைக் கேட்டுப் போலீஸ்தான் அவரிடம் வந்தது என்பது வாதம். தொலைக்காட்சியில் உலகத்துக்கே சொன்ன பொய், சட்டத்தின் கண்ணில் யாரிடமும் சொல்லாத பொய்யாக நின்றது.

பொகோட்டாவில் தூதரகமும் பிரதமரும் செய்த வேலையை ரியோவில் கேமராவும் ஸ்பான்சரும் செய்தார்கள். 1970இல் ஹோட்டல் கடையில் ஒரு சிசிடிவி இருந்திருந்தால் மூர் நான்கு நாள் காவலில் இருந்திருக்க மாட்டார். ஆனால் கேமரா வந்ததும் அரசியல் விலகிவிட்டதா என்றால், இல்லை. 2017 நவம்பரில் சீனாவின் ஹாங்ஜோவில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் மூவர் கடைகளில் திருடிச் சிக்கினார்கள். குற்றத்தில் சர்ச்சை இல்லை. நாடு திரும்பி ஒப்புக்கொண்டார்கள். எஞ்சிய விவாதமெல்லாம், அதிபர் டிரம்ப் ஷி ஜின்பிங்கிடம் பேசியதற்கு ஒரு வீரரின் தந்தை நன்றி சொன்னாரா இல்லையா என்பதிலேயே ஓடித் தீர்ந்தது.

இதுவரை கண்ட நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் பணக்கார நாட்டு வீரர் வேற்றூருக்குப் போகிறார். திசை மாறினால் ஊர்ப்பெயரின் எடையும் இடம் மாறுகிறது. 2022 நவம்பர் 6 அன்று, டி20 உலகக் கோப்பையிலிருந்து இலங்கை வெளியேறிய இரவுக்குப் பின், துடுப்பாட்ட வீரர் தனுஷ்க குணதிலக சிட்னியில் அணி தங்கிய ஹோட்டலில் பாலியல் குற்றச்சாட்டில் கைதானார். சிட்னி போலீஸ் எப்படிப்பட்டது என்று இலங்கையில் யாரும் கேட்கவில்லை. அணி ஊர் திரும்பியது. அவர் மட்டும் தங்கினார். இலங்கை கிரிக்கெட் நிறுவனம் உடனே அவரை எல்லா வகைப் போட்டிகளிலிருந்தும் நீக்கிவைத்தது. ஊர்வாய்க்கு உலைமூடி ஏது; சமூக ஊடகங்களில் தீர்ப்பு சில மணி நேரத்தில் எழுதப்பட்டது, வீரருக்கு எதிராகவும், அடையாளம் காக்கப்பட வேண்டிய புகார்தாரருக்கு எதிராகவும்.

நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்றை 2023 மே மாதம் அரசுத் தரப்பு கைவிட்டது. மிஞ்சிய ஒன்றை ஜூரி இல்லாமல் நீதிபதி சாரா ஹகெட் விசாரித்தார். செப்டம்பர் 28 அன்று, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர் விடுதலை செய்தார். குணதிலக கிட்டத்தட்ட பதினொரு மாதம் அங்கே காத்திருந்தார். கிரிக்கெட் நிறுவனத்தின் தடை அக்டோபரில் நீக்கப்பட்டது.