இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு பழைய சண்டையும்

எங்கட குழு எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒரே கொம்பியூட்டரிலதான் கிடக்குது. எங்களோட கதைச்ச அம்மம்மாக்கள் இரண்டு பேர் இப்ப உயிரோட இல்லை. அந்தக் குரல்களைத் திரும்பப் பதிய ஏலாது. அதனால இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஒன்றில எழுதுறதை மற்றதிலும் எழுத வைப்பம் என்று முடிவெடுத்தோம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் றெயிட். உடனே சண்டை தொடங்கிச்சு. "மதர்போர்டில இருக்கிற றெயிட் காணும்" என்று பாதிப் பேர்; "தனிக் கார்ட் வாங்கத்தான் வேணும்" என்று மிச்சப் பேர். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், எதுக்கும் வரலாறு தேடுற ஆக்கள். இதுக்கும் தேடினோம்.

கதை கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. 1988இல் டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கட்ஸ் மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் ஐபிஎம் 3380 போன்ற, அலுமாரி மாதிரிப் பெரிய, விலைகூடிய டிஸ்க்குகளை நம்பியிருந்தன. அதற்குப் பதிலாக, மேசைக் கணினிகளுக்கென வந்த 100 மெகாபைட் சின்ன டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்தால் என்ன என்று இவர்கள் கேட்டார்கள். றெயிட் என்ற பெயரின் 'ஐ' எழுத்து முதலில் 'மலிவான' என்பதைத்தான் குறித்தது. பிறகு விற்பனைக்கு இறங்கிய கம்பனிகள் அதை 'தனித்தியங்கும்' என்று மாற்றிவிட்டன. மலிவு என்று பெயர் வைச்சுக்கொண்டு கூடின விலைக்கு விற்க ஏலாதுதானே.

யோசனையில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சின்ன டிஸ்க் சராசரியாக 30,000 மணித்தியாலம் உழைக்கும் என்றால், 100 டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் 300 மணித்தியாலத்துக்கு ஒன்று பழுதாகும். இரண்டு கிழமைகூட இல்லை. எனவே ஒன்று செத்தாலும் தரவு மிஞ்சவேண்டும். அப்படியே பிரதி எடுத்து வைப்பது ஒரு வழி. மற்றது கணக்கு: இரண்டு டிஸ்க்கில் உள்ளதைச் சேர்த்துக் கணித்த விடையை மூன்றாவதில் எழுதிவைத்தால், எது தொலைந்தாலும் மற்ற இரண்டையும் கொண்டு மீட்கலாம்.

அந்தக் கணக்கை யார் செய்வது? எங்கட அறைச் சண்டை உண்மையில் இதுதான். பெர்க்லியின் முதல் மாதிரி 1989இல் 28 டிஸ்க்குகளை ஒரு சன் கணினியில் பூட்டியது. கணக்கு முழுக்க அந்தக் கணினியின் தலையில். ஒரு டிஸ்க் தனியாகச் செக்கனுக்கு 1.3 மெகாபைட் கொடுத்த இடத்தில், 28உம் சேர்ந்து பயனாளருக்குக் கொடுத்தது 2.3தான்! கணினியின் நினைவகப் பாதை அடைபட்டுப்போனது. அடுத்த மாதிரியில், கணக்குக்கும் தரவுப் பாதைக்கும் தனிப் பலகை ஒன்றைத் தாங்களே செய்தார்கள். வேகம் 20 மெகாபைட்டைத் தாண்டியது. பிறகு சேர்வர்களில் வந்த றெயிட் கார்ட்களின் நியாயமும் இதேதான்: சொந்த செயலி, சொந்த நினைவகம், கரண்ட் போனால் எழுதாமல் மிஞ்சியதைக் காப்பாற்ற ஒரு பற்றரி. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த எங்களுக்கு அந்தப் பற்றரியின் அருமை விளங்கும்.

ஆனால் செயலிகள் வேகமாகிவிட்டன. லினக்ஸே இந்தக் கணக்கைச் செய்யத் தொடங்கியது. அதுக்குள்ள எந்த முறை இந்தச் செயலியில் வேகமாக ஓடும் என்று அளந்து பார்த்தே தெரிவு செய்யும்.

மதர்போர்ட் றெயிட் வீட்டுப் பாவனையாளரிடம் வந்தது ஏறத்தாழ 2000இல், அபிட் கேடி7-றெயிட் போன்ற போர்ட்களோடு. 2003இல் இன்ரெலும் தன் சிப்பில் சேர்த்தது. பெட்டியில் றெயிட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், கணக்குச் செய்வது கணினியின் செயலிதான். விண்டோஸ் ஏறும்வரை டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டுவது மட்டுமே சிப் பக்கத்து வேலை, மிச்சம் ட்ரைவர். லினக்ஸ்காரர்கள் இதைப் 'போலி றெயிட்' என்றார்கள். எங்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் கடுமையாகப்பட்டது, ஏனென்றால் பிரதி உண்மையாகவே எழுதப்படுகிறது. கோளாறு வேறு இடத்தில் இருக்குது. டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை ஒவ்வொரு கம்பனியும் தன்ர பாட்டுக்கு எழுதும். போர்ட் செத்தால், அதே வகை போர்ட்டைத் தேடி அலைய வேண்டி வரலாம். கார்ட்டிலும் இதே ஆபத்து இருக்குது. கார்ட்டாவது அதுக்குப் பதிலாகப் பற்றரியைத் தரும். மதர்போர்ட் அதுவும் தராது.

அதனால இரண்டு கட்சியும் தோற்றது. எங்களிட்ட இருக்கிறது இரண்டே டிஸ்க், வெறும் பிரதி. அதில கணக்கே இல்லை. காசு குடுத்து ஒரு செயலி வாங்க என்ன தேவை? லினக்ஸின் சொந்த றெயிட்டைப் போட்டோம். கொம்பியூட்டர் போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேற லினக்ஸ் கணினியில பூட்டி வாசிக்கலாம்.

ஒருத்தி மட்டும் கேட்டாள்: "பிழையா அழிச்சா?" இரண்டிலும் ஒரே செக்கனில் அழியும். மூன்றாவது டிஸ்க் ஒன்று இப்ப அவளின்ர வீட்டு அலுமாரியில, சீலைகளுக்கு நடுவில. மாதக் கடைசியில ஆராவது பஸ் ஏறிப் போய்ப் புதுசுகளைப் பதிஞ்சிட்டு வாறம்.