தீவைப்புப் புலனாய்வு மோப்ப நாய்

தீவைப்புப் புலனாய்வு மோப்ப நாய் என்பது, தீப்பற்றிய இடத்தில் பெட்ரோல், மண்ணெண்ணெய் முதலிய எரிநீர்மங்களின் எச்சத்தை மோப்பத்தால் கண்டறியப் பயிற்றுவிக்கப்பட்ட நாய் ஆகும். தீ தற்செயலாக ஏற்பட்டதா, வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்ற ஐயம் எழும்போது இந்நாய்கள் பயன்படுத்தப்படுகின்றன. நாய் தானாகக் குற்றத்தை நிறுவுவதில்லை. ஆய்வகச் சோதனைக்கு எவ்விடத்திலிருந்து மாதிரி எடுக்கவேண்டும் என்பதையே அது காட்டுகின்றது.

தேவை

தீயை விரைந்து பரவச் செய்வதற்காக ஊற்றப்படும் நீர்மம் முடுக்கி எனப்படும். இதன் பெரும்பகுதி எரிந்தும் ஆவியாகியும் மறைந்துவிடும். எனினும் தரைவிரிப்பின் அடிப்பகுதி, மரப்பலகைகளின் இடுக்குகள், மண் ஆகியவற்றுள் ஊறிய சிறு பகுதி எஞ்சி நிற்கக்கூடும்.

முற்காலத்தில் தரையில் காணப்படும் எரிதடங்களின் வடிவத்தைக் கொண்டே நீர்மம் ஊற்றப்பட்டதா என்று புலனாய்வாளர்கள் முடிவு செய்துவந்தனர். ஆனால் ஓர் அறையிலுள்ள பொருட்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தீப்பற்றும் நிலை ஏற்பட்டால், எந்த நீர்மமும் இல்லாமலேயே அத்தகைய தடங்கள் உருவாகலாம். எனவே தடங்களை மட்டும் நம்புவது பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லும். இடிபாடுகளில் கண்மூடித்தனமாகப் பல மாதிரிகளை எடுப்பதும் பயன் தருவதில்லை. நாய் இத்தேடலைச் சில இடங்களுக்குள் சுருக்கித் தருகின்றது.

வரலாறு

இம்முறை 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றியது. கனெடிகட் மாநிலக் காவல்துறையும் நடுவண் அரசின் மது, புகையிலை, சுடுகலன் பணியகமும் இணைந்து இதற்கான பயிற்சித் திட்டத்தை உருவாக்கின. 1986 ஆம் ஆண்டில் மேட்டி என்னும் கறுப்பு நிற லாப்ரடார் நாய் பணியில் அமர்த்தப்பட்டது. 1993 முதல் ஸ்டேட் பார்ம் என்னும் காப்பீட்டு நிறுவனம் தீயணைப்புத் துறைகளுக்கும் காவல்துறைகளுக்கும் இத்தகைய நாய்களைப் பயிற்றுவிக்க நிதி வழங்கியது. 1990களில் ஐக்கிய இராச்சியத்திலும் இந்நாய்கள் பயன்பாட்டுக்கு வந்தன.

பயிற்சி

மோப்பத் திறனும் இணக்கமான இயல்பும் உடைய லாப்ரடார் இனம் பெரிதும் விரும்பப்படுகின்றது. பாதி ஆவியாக்கப்பட்ட பெட்ரோல் பயிற்சியில் பரவலாகப் பயன்படுகின்றது. தீயில் எஞ்சும் பெட்ரோலின் மணம் புதிய பெட்ரோலின் மணத்திலிருந்து வேறுபடுவதே இதற்குக் காரணம். மணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தால் நாய்க்கு உணவோ விளையாட்டுப் பொருளோ பரிசாகக் கிடைக்கும். உணவுப் பரிசு முறையில், நாய் தன் அன்றாட உணவைப் பயிற்றுநரின் கையிலிருந்தே பெறுகின்றது. இதனால் பயிற்சி நாள்தோறும் தொடர்கின்றது.

எரிந்த தரைவிரிப்பு, நெகிழி, மரம் ஆகியவற்றின் மணத்தைப் பொருட்படுத்தாதிருக்கவும் நாய் பழக்கப்படுத்தப்படுகின்றது. நாயும் அதை நடத்துபவரும் ஒரே அணியாகச் சான்றளிக்கப்படுகின்றனர்.

செயற்படும் முறை

தீ அணைந்து, இடம் குளிர்ந்து, கட்டடம் பாதுகாப்பானது என உறுதியான பின்னரே நாய் உள்ளே அழைத்துச் செல்லப்படும். கண்ணாடித் துண்டுகளும் ஆணிகளும் நிறைந்த இடங்களில் கால்களைக் காக்கக் காலுறைகள் அணிவிப்பதுண்டு. மணத்தைக் கண்டறிந்ததும் நாய் அமர்ந்து, மூக்கால் அவ்விடத்தைச் சுட்டும். தோண்டினால் தடயம் கெடக்கூடும் என்பதால் அமைதியான குறிப்பே பழக்கப்படுத்தப்படுகின்றது. ஐயத்திற்குரியவரின் உடை, காலணி ஆகியவற்றைச் சோதிக்கவும் நாய் பயன்படும்.

ஆய்வகப் பகுப்பாய்வு

நாய் சுட்டிய இடத்திலுள்ள பொருள், பயன்படுத்தப்படாத உலோகக் குவளை போன்ற காற்றுப்புகாக் கலனில் அடைக்கப்படுகின்றது. அதே வகைப் பொருள், நீர்மம் படாத வேறோர் இடத்திலிருந்து ஒப்பீட்டு மாதிரியாக எடுக்கப்படும். ஆய்வகத்தில் மாதிரியைச் சூடாக்கி, எழும் ஆவி செயலூட்டிய கரித்துண்டில் சேகரிக்கப்படுகின்றது. பின்னர் வளிம நிறப்பிரிகை முறையால் அதன் கூறுகள் பிரிக்கப்பட்டு, பொருண்மை நிறமாலை அளவியால் அடையாளம் காணப்படுகின்றன.

நெகிழியும் தரைவிரிப்பும் வெப்பத்தால் சிதையும்போது தொலுயீன், ஸ்டைரீன் போன்ற சேர்மங்களை வெளியிடுகின்றன. தொலுயீன் பெட்ரோலிலும் உள்ளது. தனித்த ஒரு சேர்மத்தைக் கொண்டன்றி, கூறுகளின் முழு அமைப்பைக் கொண்டே ஆய்வகம் இரண்டையும் வேறுபடுத்துகின்றது. நாய் இதைப் பிரித்தறிந்ததா என்று அதனிடம் கேட்டறிய வழியில்லை.

நீதிமன்றங்களில்

ஆய்வகம் உறுதிசெய்யாத நாய்க்குறிப்பைச் சான்றாகக் கொள்ளலாமா என்பது 1990களில் பெரும் விவாதத்திற்கு உள்ளானது. ஒரு சாரார், நாயின் மூக்கு கருவிகளைவிட நுண்மையானது என வாதிட்டனர். நுண்மை மட்டும் போதாது, பிரித்தறியும் திறனும் நிறுவப்படவேண்டும் என்பது மறுசாரார் கருத்து. தீப்புலனாய்வுக்கான வழிகாட்டியான என்.எப்.பி.ஏ 921, ஆய்வகம் உறுதிசெய்யாத குறிப்பைச் சரிபார்க்கப்பட்டதாகக் கொள்ளலாகாது என்ற திருத்தத்தை 1996 இல் ஏற்றது.

சில மாநில நீதிமன்றங்கள் இத்தகைய குறிப்பை ஏற்றுள்ளன. எனினும் ஜோர்ஜியா மாநில உச்ச நீதிமன்றம், 1993 இல் ஏற்பட்ட வீட்டுத் தீ தொடர்பான கொலை வழக்கின் தண்டனைத் தீர்ப்பை 1997 இல் நீக்கியது. அவ்வழக்கில் நாய் சுட்டிய இடங்களின் மாதிரிகளை ஆய்வகம் உறுதிசெய்யவில்லை.

மாசசூசெட்ஸில் 2001 இல் எரிந்த கடை தொடர்பான வழக்கில் ஒருவர் 2006 இல் தண்டிக்கப்பட்டார். அவ்வழக்கில் நாய் கட்டடத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே அழைத்துச் செல்லப்பட்டிருந்தது. ஆய்வகத்தின் முடிவு சாதகமாக இருந்தும், எடுக்கப்பட்ட மாதிரி ஒன்றே. இச்சான்றுகளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முறையாக எதிர்க்கத் தவறினார் எனக் கூறி, நடுவண் நீதிமன்றம் 2010 இல் அத்தீர்ப்பை நீக்கியது.

வரம்புகள்

எரிநீர்மம் இருப்பது உறுதியானாலும் அதுவே தீவைப்புக்குச் சான்றாகாது. வண்டிக் கொட்டிலில் பெட்ரோலும், சமையலறையில் மண்ணெண்ணெயும், வண்ணம் பூசிய இடத்தில் தின்னரும் இருப்பது இயல்பே. அதேபோல் எச்சம் கிடைக்காததால் தீ வைக்கப்படவில்லை என்றும் கூறமுடியாது; காகிதத்தையும் தீக்குச்சியையும் கொண்டே தீ வைக்கலாம். மேலும், நாயை நடத்துபவரின் எதிர்பார்ப்பு அவர் அறியாமலேயே நாயின் நடத்தையைப் பாதிக்கக்கூடும். எனவே தீத்தோன்றிய இடம், மின்னிணைப்புகளின் நிலை, நேரில் கண்டோர் கூற்று ஆகியவற்றோடு இணைத்தே நாயின் குறிப்பு மதிப்பிடப்படவேண்டும்.